லிங்கன் குன்றில் நார்மன் எங்கே? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டனில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துக்குப் போயிருந்தேன். நார்மன் காலத்து ஊர், அதாவது 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தவர்களின் காலத்து ஊர் என்று எல்லோரும் சொன்னார்கள். அங்குள்ள பெரிய தேவாலயமான கதீட்ரலுக்குள் ஒரு மணி நேரம் சுற்றியும் என் கண்ணில் பட்டதெல்லாம் கூரான கோதிக் வளைவுகள்தான். நார்மன் எங்கே இருக்கிறது? மே மாதம் அம்மா ஊரிலிருந்து வருகிறார். அவருக்கு முழங்கால் வலி. ஒரே நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு பார்த்துவிட முடியுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் தேடியது கதீட்ரலுக்கு உள்ளே அநேகமாக இல்லை. அதன் மேற்கு முகப்பில் இருக்கிறது. அதன் அடியில் நடந்துதான் உள்ளே போயிருப்பீர்கள்.

பிஷப் ரெமிஜியஸ் 1072இல் தொடங்கிய கட்டடம் 1092இல் அர்ப்பணிக்கப்பட்டது. 1185 நிலநடுக்கத்தில் அது சிதைந்தது. 1192 முதல் பிஷப் ஹியூவும் அவருக்குப் பின் வந்தவர்களும் கிழக்கிலிருந்து புதிதாகக் கட்டிக்கொண்டே மேற்கே வந்தார்கள். அங்கே நின்றிருந்த பழைய முகப்பை மட்டும் இடிக்காமல், அதைச் சுற்றி அகலமான கோதிக் சுவரை எழுப்பி உள்ளே பொதிந்து வைத்துவிட்டார்கள்.

முகப்பின் நடுப்பகுதியில் உயரமான, ஆழமான மூன்று மாடங்கள் இருக்கும். இருபுறமும் உள்ளவற்றின் தலை அரைவட்டம். அதுதான் நார்மன். நடுவில் உள்ளதை மட்டும் 13ஆம் நூற்றாண்டில் உயர்த்திக் கூராக்கிவிட்டார்கள். பார்ப்பவர் கண் முதலில் நடுவுக்குப் போவதால் மொத்த முகப்பும் கோதிக் என்றே தோன்றிவிடுகிறது. கீழே மூன்று வாசல்களும் அரைவட்டம்தான். பிஷப் அலெக்சாண்டர் காலத்தில், 12ஆம் நூற்றாண்டின் நடுவில் செதுக்கியவை. வாசலுக்கு மேலே கிடைமட்டமாக ஓடும் சிற்ப வரிசையில் நோவாவும் சிங்கக் குகையில் தானியேலும் இருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் அரித்துப்போனதால் சில பலகைகள் நம் காலத்தில் புதிதாகச் செதுக்கி வைத்தவை. பளிச்சென்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இன்னொரு சிக்கல், நின்று பார்க்க இடம் போதாது. கோட்டைப் பக்கத்துச் சதுக்கத்தில் நின்றால் எக்ஸ்செக்கர் வாயில் குறுக்கே மறைக்கிறது. வாயிலைத் தாண்டினால் முகப்புக்கு மிகக் கிட்டே வந்துவிடுகிறோம். முழு முகப்பையும் பார்க்கச் சரியான இடம் எதிரே உள்ள கோட்டை மதில். அதுவும் மதியத்துக்கு மேல். மேற்கு பார்த்த முகப்பு என்பதால் காலையில் நிழலில் கிடக்கும், சிற்பங்கள் எடுபடாது.

கதீட்ரலுக்குள் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். தெற்குப் பக்க நடையில் கருங்கல் போலத் தோன்றும் ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. இன்றைய பெல்ஜியத்தின் டூர்னே ஊர்க் கல், 12ஆம் நூற்றாண்டு.

கோட்டையை நார்மன் மன்னர் முதலாம் வில்லியம் 1068இல் கட்டச் சொன்னார். அந்த இடத்துக்காக 166 வீடுகள் அழிந்தன என்று அவர் எடுக்கச் சொன்ன 1086 டோம்ஸ்டே நிலக்கணக்கு சொல்கிறது. ஒரே கோட்டையில் இரண்டு மண்மேடுகள் இருப்பது இங்கிலாந்தில் மிக அபூர்வம். கிழக்கு வாயிலின் கூரான முகப்பைக் கடந்ததும் திரும்பிப் பாருங்கள், பின்னால் பழைய அரைவட்ட வளைவு தெரியும். மதிலில் மீன்முள் போலச் சாய்த்து அடுக்கிய கல்வரிசைகளையும் தேடுங்கள். கோட்டை மைதானத்துக்குக் கட்டணம் இல்லை. மதில் நடை, சிறை, மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215 மேக்னா கார்ட்டா சாசனம் இருக்கும் அறை ஆகியவற்றுக்கு டிக்கெட் உண்டு.

அம்மாவுக்கு வருவோம். கதீட்ரலும் கோட்டையும் குன்றின் மேல் இருக்கின்றன. அங்கே ஏறும் ஸ்டீப் ஹில் என்ற தெருவின் பெயரே செங்குத்து மேடு என்றுதான். சுமார் ஏழு அடிக்கு ஓர் அடி உயர்கிறது, பாவிய கல் மழையில் வழுக்கும். ஏறுவதற்கு டாக்ஸி பிடித்துவிட்டு இறங்கும்போது நடக்கலாம் என்றுதான் பலரும் திட்டமிடுகிறார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு இறக்கம்தான் அதிகம் வலிக்கும். மேலே போகவும் வரவும் வண்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஊரின் கீழ்ப்பகுதி. கிங்ஸ் கிராஸிலிருந்து நேர் ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். நிலையத்துக்குப் பக்கத்திலேயே செயின்ட் மேரி லே விக்ஃபர்ட் தேவாலயம். நார்மன்கள் வந்தபின் கட்டியதாயினும் கோபுரம் நார்மன்களுக்கு முந்தைய ஆங்கிலோ-சாக்சன் பாணி, உள்ளூர்க் கொத்தர்களின் கை அது. அங்கிருந்து ஹை பிரிட்ஜ். மேலே மரச்சட்ட வீடுகள், பாலத்தின் வளைவு 12ஆம் நூற்றாண்டுக்குரியது. பாலத்தின் மேல் நின்றால் அது பாலம் என்றே தெரியாது, பக்கத்துப் படியில் இறங்கித் தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். பிறகு ஸ்ட்ரெய்ட் தெருவில் மெல்ல நடந்தால், செங்குத்து தொடங்கும் முன்பே யூதர் வீடு என்று பெயர் பெற்ற கல்வீடு வந்துவிடும். செதுக்கிய வாசல் வளைவின் மேலேயே மாடி அடுப்பின் புகைபோக்கி ஏறி நிற்கிறது. மனிதர்கள் குடியிருந்த 12ஆம் நூற்றாண்டுக் கல்வீடு இப்படித் தெருவோரம் நிற்பது எவ்வளவு அரிது! 1290இல் யூதர்கள் எல்லோரையும் இங்கிலாந்திலிருந்து துரத்தினார்கள். மேக்னா கார்ட்டாவா இந்த வீடா என்று கேட்டால் இந்த வீட்டைத்தான் சொல்வேன்.

மதியம் வண்டியில் மேலே போய் முதலில் கோட்டை, பிறகு கதீட்ரல். பல்கலைக்கழகப் பட்டமளிப்பு போன்ற நிகழ்ச்சி நாட்களில் கதீட்ரலைச் சுற்றிப் பார்க்க முடியாது, டிக்கெட் எடுக்கும் முன் அவர்கள் நாட்காட்டியைப் பாருங்கள். மாலை வழிபாட்டுக்குக் கட்டணம் இல்லை. பாடகர் குழு பாடும் நாளாக இருந்தால், அம்மா உட்கார்ந்து கேட்கட்டும். நீங்கள் அந்த நேரத்தில் வெளியே வந்து, வெயில் விழும் முகப்பை இன்னொரு தடவை பார்த்துவிடலாம்.