ஆட்டோ பேட்டரியில் விமானம் பறக்குமா?

வியாசர்பாடியில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, மாதவரத்தில் என் மச்சான் ஷெட்டில் ஒரு பழைய கிட் விமானம் நிற்கிறது. ரெண்டு சீட்டு, முன்னால் ரோடாக்ஸ் 582 பெட்ரோல் எஞ்சின். அது சீஸ் ஆகி இறுகிவிட்டது, சரிசெய்யச் சொல்கிற தொகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. நான் எலெக்ட்ரிக் ஆட்டோவுக்கு பேட்டரி அசெம்பிள் செய்கிறவன். 100 ஆம்பியர்-அவர் எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல் 40 கைக்கு வரும். மோட்டார் ஒன்று வாங்கிப் போட்டால் ஒரு மணி நேரம் பறக்குமா? சோழவரத்தில் கிளம்பி பாண்டிச்சேரி போகலாமா?" எஞ்சினோடு காலி எடை 200 கிலோ, சாதாரணமாக 90 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்றும் எழுதியிருக்கிறார்.

பறக்கும் தம்பி. ஒரு மணி நேரம் பறக்காது. பாண்டிச்சேரிக்கு ஈ.சி.ஆரில் பஸ் இருக்கிறது.

பேட்டரியில் ஆள் பறப்பது ஒன்றும் புதிதில்லை. 1973 அக்டோபரில் ஆஸ்திரியாவில் ஒரு மோட்டார் கிளைடரில் நிக்கல்-காட்மியம் பேட்டரி வைத்து மனிதன் பறந்துவிட்டான், சில நிமிடங்கள்தான் என்றாலும். ஐரோப்பாவில் 2020 ஜூனில் முறையான சான்றிதழ் வாங்கிய பிபிஸ்ட்ரெல் வேலிஸ் எலெக்ட்ரோ, ரெண்டு பேர் உட்காரும் முழு மின்சார விமானம். 57.6 கிலோவாட் மோட்டார், 24.8 கிலோவாட்-அவர் (கரன்ட் பில்லில் வருகிற 'யூனிட்'தான்) பேட்டரி, மொத்தம் 600 கிலோ. பேட்டரியைக் குளிர்விக்கத் திரவம் ஓடுகிறது. இவ்வளவும் செய்து, தயாரிப்பாளர்களே சொல்வது சுமார் 50 நிமிடம்தான். உங்கள் 40 செல்லிடம் ஒரு மணி நேரம் கேட்பதற்கு முன்னால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எடை. நம் நாட்டில் மைக்ரோலைட் (உங்களுடையது மாதிரி சின்ன விமானம்) என்றால் ஆள், எரிபொருள், பேட்டரி எல்லாம் சேர்த்து 450 கிலோவைத் தாண்டக் கூடாது. எஞ்சின், கியர் பாக்ஸ், சைலன்சர், ரேடியேட்டர் எல்லாவற்றையும் இறக்கினால் சுமார் 50 கிலோ குறையும். மோட்டார், கண்ட்ரோலர், கேபிள் என்று 30 கிலோ மறுபடி ஏறும். ஆக 180. நீங்களும் மச்சானும் 75 கிலோ வீதம் 150 (பிரியாணி சாப்பிடாத நாள் கணக்கு). மிச்சம் 120 கிலோதான் பேட்டரிக்கு. உங்கள் செல் ஒன்று ஏறக்குறைய 2 கிலோ, நாற்பது 80 கிலோ. பெட்டி, பஸ்பார் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை), பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்துக் காப்பாற்றும் சர்க்யூட்), ஒயர் எல்லாம் சேர்ந்தால் 110 கிலோ ஆகிவிடும். சரி, இடம் இருக்கிறது. அந்த 110 கிலோவுக்குள் இருப்பது 12.8 கிலோவாட்-அவர். ஒரு கிலோ பெட்ரோலில் மட்டும் 12 கிலோவாட்-அவர் இருக்கிறது. ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் அதில் முக்கால் பாகத்துக்கு மேல் சூடாகவும் புகையாகவும் விட்டுவிட்டாலும், கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பெட்ரோல் உங்கள் பேட்டரியைவிட இருபது மடங்குக்கு மேல் நிற்கிறது. அப்புறம் இன்னொன்று, பெட்ரோல் விமானம் இறங்கும்போது எடை குறைந்திருக்கும், பேட்டரி விமானம் ஏறின எடையிலேயே இறங்கும், அந்தப் பழைய லேண்டிங் கியர் ஒவ்வொரு முறையும் முழுச் சுமையைத் தாங்க வேண்டும்.

இப்போது எவ்வளவு நேரம் என்று பார்ப்போம். உங்கள் மாதிரி கம்பியும் துணியுமான விமானம், மோட்டார் இல்லாமல் சறுக்கினால் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எட்டு மீட்டர் முன்னே போகும் என்று வைத்துக்கொள்கிறேன். 450 கிலோவை 90 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் பறக்கவைக்க காற்றில் செலவாவது 14 கிலோவாட். ப்ரொப்பெல்லர் 70 சதவீதம்தான் திருப்பித் தரும், மோட்டாரும் கண்ட்ரோலரும் கொஞ்சம் தின்னும், ஆக பேட்டரியில் இருந்து 22 கிலோவாட் போகும். மேலே ஏறும்போது 40. ஓடுதளத்தில் ஓடி 300 மீட்டர் உயரம் ஏறுவதற்குள் 1.8 கிலோவாட்-அவர் காலி. 12.8-இல் கடைசி 20 சதவீதத்தைத் தொடக் கூடாது, ஏன் என்று கீழே சொல்கிறேன். கையில் இருப்பது 10.2, ஏறினது போக 8.4, அதை 22-ஆல் வகுத்தால் 23 நிமிடம். அதில் 10 நிமிடம் கையிருப்பு வேண்டாமா? ஆக 13 நிமிடம். 20 கிலோமீட்டர்கூட இல்லை. சோழவரத்தில் கிளம்பினால் பொன்னேரி போய்த் திரும்புவதே சந்தேகம்.

அதே பேட்டரியோடு மச்சானை இறக்கிவிடுங்கள். எடை 375 கிலோவாகிவிடும், அதற்கேற்ப வேகத்தையும் கொஞ்சம் குறைத்துப் பறந்தால் 22 கிலோவாட் 17-க்கு வந்துவிடும். ஏறும் செலவும் குறையும். கையிருப்பையும் சேர்த்த அந்த 23 நிமிடம் முப்பதைத் தொடும். எந்த விலை உயர்ந்த செல்லும் செய்யாத வேலையை மச்சான் செய்துவிடுகிறார், தரையில் நின்றபடி. என் கருத்து, இந்த விமானத்தை ஒரு சீட்டு விமானமாக நினைத்துத்தான் மாற்ற வேண்டும்.

ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்குக் கவலை வந்தது நிமிடத்தைப் பார்த்து இல்லை. நீங்கள் ஆட்டோ பேட்டரி செய்கிறவர், உங்கள் கை ஆட்டோவுக்குப் பழகின கை. ஆட்டோ மோட்டார் ஏழு எட்டு கிலோவாட் இழுக்கும், அதுவும் ஏற்றத்தில்தான். இங்கே 40 செல்லை வரிசையாகக் கோத்தால் 128 வோல்ட், 40 கிலோவாட்டுக்கு 312 ஆம்பியர். 100 ஆம்பியர்-அவர் செல்லில் இருந்து 312 ஆம்பியர், அதாவது 3சி (செல்லின் ஆம்பியர்-அவர் எண்ணைப் போல மூன்று மடங்கு கரன்ட்). ஆட்டோவுக்கு வருகிற எல்.எஃப்.பி. செல்லில் பெரும்பாலானவை தொடர்ந்து 1சி தருவதற்குச் செய்தவை, அதற்கு மேல் சில வினாடிகள் தாங்கும். நீங்கள் ரெண்டரை நிமிடத்துக்கு மேல் கேட்கிறீர்கள். செல்லின் தாளில் 'தொடர்ச்சியான டிஸ்சார்ஜ்' என்ற வரியைப் பாருங்கள், அங்கே 3சி என்று இல்லையென்றால் அந்தச் செல் விமானத்துக்கு ஆகாது, எவ்வளவு மலிவாக வந்தாலும்.

ஒரு செல்லின் உள் தடை ஒரு மில்லி ஓம் என்று வைத்தால், நாற்பது செல்லில் 312 ஆம்பியர் ஓடும்போது பெட்டிக்குள் கிட்டத்தட்ட 4 கிலோவாட் சூடு பிறக்கும். ரெண்டு கீசரை ஒன்றாகப் போட்ட மாதிரி. மேலே ஏறி முடிப்பதற்குள் செல்கள் எட்டு டிகிரி ஏறும், அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சித்திரை மாதம் மாதவரத்துத் தகர ஷெட்டில் பேட்டரி மதியத்துக்குள் 40 டிகிரியில் உட்கார்ந்திருக்கும். அதோடு சூடு எல்லா இடத்திலும் சமமாக ஏறாது. மூலக்கடைப் பக்கம் ஒரு பட்டறையில், அடிக்கடி நின்றுபோகிறது என்று வந்த ஒரு ஆட்டோவின் பேட்டரியைத் திறந்து பார்த்திருக்கிறேன். பதினாறு செல்லில் பதினைந்து புதுசு மாதிரி இருந்தது. ஒரு பஸ்பார் போல்ட் மட்டும் காபி நிறத்தில், அதன் கீழ் பிளாஸ்டிக் உருகிச் சுருங்கி, பக்கத்துச் செல் லேசாக உப்பி. ஸ்பானர் வைத்தால் அரைத் திருகு இறங்கியது. அவ்வளவுதான் தவறு. ஒரு மில்லி ஓம் தடை அந்த ஒரு போல்ட்டில் வந்தால் 312 ஆம்பியரில் அங்கே 97 வாட், அதாவது சால்டரிங் அயர்ன் ஒன்று எப்போதும் செருகி இருப்பது போல. திருவொற்றியூர், எண்ணூர் காற்றில் உப்பு வேறு, பளபளப்பாக மாட்டிய செம்பு கொஞ்ச நாளிலேயே மங்கிவிடும். டார்க் ரெஞ்ச் (போல்ட்டைச் சரியான அளவுக்கு முறுக்கும் ஸ்பானர்) இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். செம்புதாஸ் தெருவில் செம்புப் பட்டை வாங்கினால் நிக்கல் பூச்சு போட்டு மாட்டுங்கள், ஒவ்வொரு போல்ட்டிலும் பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள், திருகு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

செலவு குறையும் என்று 48 வோல்ட் மோட்டார் பக்கம் போகாதீர்கள். அதே 40 கிலோவாட்டுக்கு 830 ஆம்பியருக்கு மேல் ஓடும், அதே ஒரு மில்லி ஓமில் சூடு 97 வாட் இல்லை, 690 வாட்.

இப்போது அந்த 20 சதவீதம். எல்.எஃப்.பி. செல்லின் வோல்டேஜ் 80 சதவீதத்தில் இருந்து 20 வரை கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் போகும், அப்புறம் படியில் இருந்து விழுகிற மாதிரி விழும். வோல்ட் மீட்டரைப் பார்த்து 'இன்னும் இருக்கிறது' என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். ஓடின ஆம்பியரை எண்ணுகிற ஷண்ட் மீட்டர் வேண்டும். இப்படி நினைத்துப் பாருங்கள். இறங்க வருகிறீர்கள், 22 சதவீதம் இருக்கிறது, ஓடுதளத்தில் ஒரு மாடு. த்ராட்டிலை முழுக்கத் தள்ளி மறுபடி மேலே போகிறீர்கள். 312 ஆம்பியர் இழுத்ததும் நாற்பதில் நோஞ்சான் செல் ஒன்று 2.5 வோல்ட்டுக்குக் கீழே சரிகிறது. பி.எம்.எஸ். தன் கடமையைச் செய்கிறது, செல்லைக் காப்பாற்ற மொத்தக் கரன்ட்டையும் வெட்டிவிடுகிறது. ஆட்டோவில் இது நடந்தால் பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் ஓரம் கட்டிவிட்டு, பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களிடம் ரெண்டு திட்டு வாங்கிக்கொண்டு போகலாம். தரையில் இருந்து 60 மீட்டரில் நடந்தால் சறுக்கிப் போய் இறங்க முன்னால் அரை கிலோமீட்டர்கூட கிடைக்காது, மூக்கு மேலே தூக்கியிருக்கும், ஸ்டால் ஆக (வேகம் குறைந்து இறக்கை விமானத்தைத் தாங்காமல் விட்டுவிட) ரெண்டு மூன்று வினாடி போதும்.

அதனால் விமானத்தில் பி.எம்.எஸ். கத்தலாம், விளக்கு எரியலாம், வெட்டக் கூடாது. செல் செத்தாலும் பரவாயில்லை, வெட்டுவதா வேண்டாமா என்பதை ஓட்டுகிறவர் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் ஆட்டோவில் போடுகிற, மாஸ்ஃபெட் (கரன்ட்டை வெட்டும் எலெக்ட்ரானிக் சுவிட்ச்) வைத்த பச்சை போர்டு பி.எம்.எஸ்.ஸை இதில் போடவே கூடாது. செல் ஒவ்வொன்றின் வோல்டேஜையும் சூட்டையும் கண்காணிக்கிற ஒரு யூனிட், தனியாக ஒரு காண்டாக்டர் (பெரிய கரன்ட்டை இணைத்து வெட்டும் ரிலே), அதை இணைக்கும்போது கரன்ட் பாயாமல் தடுக்கும் ப்ரீ-சார்ஜ் ரெசிஸ்டர், டி.சி.க்கென்றே செய்த ஃப்யூஸ், கைக்கு எட்டும் இடத்தில் வெட்டும் சுவிட்ச். சார்ஜ் போடும்போது மட்டும் அந்த யூனிட் தானாக வெட்டலாம், அங்கே வெட்டத்தான் வேண்டும்.

பேட்டரியை எங்கே வைப்பது? சீட்டுக்குப் பின்னால் இடம் இருக்கிறது என்று அங்கே வைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். அவசரமாகத் தரையில் மோதி நின்றால் புவியீர்ப்பைப் போல 9 மடங்கு விசையையாவது பெட்டி தாங்க வேண்டும், 110 கிலோ அந்த நொடியில் ஒரு டன், அது உங்கள் முதுகுக்குப் பின்னால். இன்னொரு பக்கம், மூக்கில் 20 கிலோ குறைத்துவிட்டீர்கள். மோட்டார், ஈர்ப்பு மையத்துக்கு 1.2 மீட்டர் முன்னால் இருக்கிறது என்றால், அதை ஈடுகட்ட மொத்தப் பேட்டரியின் மையம் 20 சென்டிமீட்டராவது முன்னால் வர வேண்டும். அதனால் ரெண்டு பெட்டியாகப் பிரித்து ஒன்றை ஃபயர்வாலுக்கு (எஞ்சின் இடத்தையும் காக்பிட்டையும் பிரிக்கும் தடுப்புக்கு) முன்னால் வைப்பதுதான் சரிவரும். எல்.எஃப்.பி. சீக்கிரம் தீப்பிடிக்காது, ஆனால் கெட்டுப்போன செல் விடுகிற வாயு பற்றும். பெட்டியின் வாயுக் குழாய் வெளியே திறக்கட்டும், காக்பிட்டுக்குள் இல்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. வி.டி. என்று தொடங்கும் இந்தியப் பதிவு உள்ள விமானத்தில் எஞ்சினை மாற்றுவது, டூ வீலரில் சைலன்சர் மாற்றுவது போல இல்லை. டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதி இல்லாமல் ஓர் அடி உயரம்கூட எழும்பக் கூடாது. மும்பையில் அமோல் யாதவ் வீட்டு மொட்டை மாடியிலேயே ஆறு சீட்டு விமானம் கட்டினார். கட்டியது பெரிய வேலை, அதற்குப் பதிவு வாங்கியது இன்னும் பெரிய வேலை, 2017-இல்தான் கிடைத்தது. நீங்கள் மோட்டாருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் விமான நிலையத்தில் இருக்கும் டி.ஜி.சி.ஏ. சென்னை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், பழைய ஓனர் பெயரில் இருக்கும் காகிதத்தையும் சேர்த்து. சோழவரம் ஆசையையும் விட்டுவிடுங்கள். ரெண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம், அப்புறம் வருஷக்கணக்காகக் கார் பந்தயம் நடந்த இடம் என்று நம் அப்பாக்கள் கதை சொல்வார்கள், அதற்காக நாம் போய் இறங்கிவிட முடியாது.

அனுமதி வருவதற்குள் செய்ய வேலை நிறைய இருக்கிறது. விமானத்தைத் தொடாமல், ஷெட் தரையில் கான்கிரீட்டில் பதித்த ஒரு ஸ்டாண்டில் மோட்டாரையும் ப்ரொப்பெல்லரையும் மாட்டி ஓட்டுங்கள். மூன்று நிமிடம் 40 கிலோவாட், அப்புறம் பேட்டரியில் 22 சதவீதம் மிஞ்சும்வரை 22 கிலோவாட், அங்கே மறுபடி ஒரு நிமிடம் 40. இதையே ஐம்பது முறை, அதில் பாதியாவது மதியம் ஒரு மணிக்கு. வீட்டு 16 ஆம்பியர் பாயின்ட்டில் சார்ஜ் ஏற நாலு மணி நேரம் ஆகும், ஒரு நாளைக்கு ஒன்று ரெண்டுதான் முடியும், அவசரப்படாதீர்கள். எந்தச் செல் முதலில் சரிகிறது என்று ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். ப்ரொப்பெல்லரில் கவனம். பெட்ரோல் எஞ்சின் சத்தம் போட்டு 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லும், மின் மோட்டார் அமைதியாக நிற்கும், யாரோ த்ராட்டில் குமிழைத் தட்டினால் அடுத்த நொடி 2,000 சுற்றில் சுழலும். பேட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவில் கையால் உருவும் சிவப்பு பிளக் ஒன்று போடுங்கள். ப்ரொப்பெல்லர் பக்கம் யார் போகிறாரோ அவர் சட்டைப் பையில் அந்தப் பிளக் இருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. பக்கத்துக் காயலாங்கடையில் எலெக்ட்ரானிக் தராசு மூன்று வாடகைக்கு எடுத்து, எஞ்சினை இறக்கியபின் மூன்று சக்கரத்தையும் ஒவ்வொன்றில் ஏற்றி, விமானத்தைப் பறக்கும் நிலையில் மட்டமாக நிறுத்தி எடை எடுங்கள். 200 கிலோ என்று நீங்கள் சொன்னது பழைய ஓனர் சொன்னதாகத்தான் இருக்கும், பழைய ஓனர்கள் எப்போதும் 15 கிலோ குறைத்துத்தான் சொல்வார்கள். மூன்று எண்ணையும், சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் எழுதி அனுப்புங்கள், பெட்டி எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.