போனில் எழுத்தைப் பெரிதாக்கியும் சில ஆப்களில் மட்டும் சிறிதாகவே தெரிகிறது. என்ன செய்வது?

ஆண்ட்ராய்டில் ஃபான்ட் சைஸ், டிஸ்ப்ளே சைஸ் என்று இரண்டு தனித்தனி அமைப்புகள் உண்டு. முதலாவது எழுத்தை மட்டும் மாற்றும். அதை மதிக்காத ஆப்களும் இருக்கின்றன. இரண்டாவது ஐகான், பட்டன், எழுத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கும். இரண்டையும் உச்சத்துக்குக் கொண்டுபோனால் பட்டன்கள் திரைக்கு வெளியே தள்ளப்படும், வரிகள் பாதியில் வெட்டுப்படும். எனவே டிஸ்ப்ளே சைஸை ஒரு படி மட்டும் கூட்டுங்கள். மீதியை ஃபான்ட் சைஸில் பாருங்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். ஏற்கெனவே பெரிதாக இருக்கும் தலைப்புகள் அதில் அதே அளவுக்கு வளராது, அது கோளாறு அல்ல.

ஐபோனில் செட்டிங்ஸ், ஆக்சசிபிலிட்டி, டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ், லார்ஜர் டெக்ஸ்ட் என்று வரிசையாகப் போங்கள். அங்கே மேலே உள்ள சுவிட்சைப் போட்டால்தான் கூடுதல் பெரிய அளவுகள் வரும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள். போல்டு டெக்ஸ்டையும் போட்டுவிடுங்கள், மெல்லிய எழுத்துக்கு அளவை விட அதுவே அதிகம் உதவும்.

அப்படியும் அடங்காத ஆப்புக்கு உருப்பெருக்கிதான் வழி. ஆண்ட்ராய்டில் மேக்னிஃபிகேஷனுக்கு மூன்று தட்டல் குறுக்குவழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்: மூன்றாவது தட்டல் வருமா என்று போன் காத்திருப்பதால் ஒவ்வொரு தொடுதலும் தாமதமாகும். திரையின் மேல் மிதக்கும் பட்டனைக் குறுக்குவழியாக வைப்பதே நல்லது. ஐபோனில் ஜூம் வசதியை இயக்கியபின் மூன்று விரல்களால் இருமுறை தட்டுங்கள். திரை பெரிதாகிச் சிக்கிக்கொண்டாலும் அதே தட்டல்தான் மீட்கும்.