மணியாச்சியில் வண்டி ஏன் திரும்புகிறது?

கேள்வி: சுற்றிலும் கரிசல் காடாகக் கிடக்கும் மணியாச்சியில் எதற்காகச் சந்திப்பு நிலையம் அமைத்தார்கள்? கோவில்பட்டியிலோ திருநெல்வேலியிலோ அமைத்திருக்கலாமே?
– வாசகர் ஒருவர், விருதுநகர்

பதில்: திருநெல்வேலியை நடுவில் வைத்து வரைபடத்தைப் பார்ப்பதால் எழும் ஐயம் இது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி மதுரைக்குத் தெற்கே மீட்டர் கேஜ் பாதை போட்டபோது, அதன் குறி தூத்துக்குடித் துறைமுகமாக இருந்தது. கரிசல் நிலத்துப் பருத்தி கப்பலேறியதும், கொழும்புக்குப் போகிறவர்கள் நீராவிக் கப்பல் பிடித்ததும் அங்கேதான். ஆகவே 1876இல் பாதை திறக்கப்பட்டபோது, துறைமுகத்துக்குச் சென்றது தலைப்பாதையாகவும், மாவட்டத் தலைநகரான திருநெல்வேலிக்குச் சென்றது கிளைப்பாதையாகவும் அமைந்தன. கிளை பிரிந்த இடம் மணியாச்சி. பழைய பாளையங்களுள் ஒன்றான இவ்வூரிலிருந்து இரண்டு ஊர்களும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன.

பொதுமக்களுக்குத் திறக்கப்படும் முன்பே இந்த நிலையம் ஒரு பெருங்கூட்டத்தைப் பார்த்துவிட்டது. 1875 டிசம்பரில், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் தூத்துக்குடியில் வந்திறங்கிப் புதிய பாதையில் மதுரைக்குச் சென்றபோது, திருநெல்வேலிச் சீமைக் கிறித்தவர்கள் மணியாச்சியில் திரண்டு அவரை வரவேற்றார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர்களுள் ஒருவர், திராவிட மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்.

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை 1904இல் பாதை முழுமை பெற்ற பிறகு, மலைக்கு அப்பால் இருந்து மதுரைக்கும் சென்னைக்கும் செல்வோரும் மணியாச்சி வழியாகவே வரவேண்டியிருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, கொழும்புப் பயணிகளுக்கான போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திருப்பப்பட்டது. 1927இல் விருதுநகர்–தென்காசிப் பாதை வந்ததும் கொல்லத்துப் பயணிகளுக்கும் குறுக்குவழி கிடைத்தது. மணியாச்சியில் இறங்கிக் காத்திருந்த கூட்டம் இப்படி இரண்டு தவணைகளில் குறைந்தது.

கேள்வி: திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் மணியாச்சிக்கு அலுவலாக வந்திருந்தாரா? அவர் அங்கே முகாமிட்டிருந்ததாகப் பள்ளியில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.
– வாசகி ஒருவர், தென்காசி

பதில்: இல்லை. அவருக்கு அந்த ஊரில் எந்த அலுவலும் இருக்கவில்லை. 1911 ஜூன் 17ஆம் தேதி காலையில், மனைவியுடன் கொடைக்கானலுக்குச் செல்வதற்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்த ஆஷ், தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலின் இணைப்புக்காக முதல் வகுப்புப் பெட்டியில் காத்துக்கொண்டிருந்தார். எந்த மேல்நாட்டு அதிகாரியும் இந்த வழியில் வடக்கே போவதானால் மணியாச்சியில் சிறிது நேரம் நின்றே தீரவேண்டும் என்பது, ரயிலேறிப் பழகிய யாருக்கும் தெரிந்த செய்தி. திருநெல்வேலியில் கலெக்டரை நெருங்குவதைவிட இங்கே நெருங்குவது எளிது என்று செங்கோட்டை வாஞ்சிநாதன் கணக்கிட்டிருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

பெட்டிக்குள் நுழைந்து, பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கியால் மிக அருகிலிருந்து ஆஷைச் சுட்டுக் கொன்றுவிட்டு, நடைமேடையில் ஓடி அங்கிருந்த கழிப்பறைக்குள் புகுந்த வாஞ்சி, வாய்க்குள் சுட்டுக்கொண்டு இறந்தார். அவருடைய சட்டைப்பையில் இருந்த தமிழ்க் கடிதம், அடுத்த சில நாள்களில் முடிசூட இருந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைப் பெயர் சொல்லிச் சாடியது. இந்தக் கொலை வழக்கில் புரட்சியாளர் நீலகண்ட பிரம்மச்சாரி முதலான 14 பேர் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. ஆஷ் முன்பு தூத்துக்குடியில் துணைக் கலெக்டராக இருந்து, வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு எதிராக நின்றவர் என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரத்தின் வட்டத்துக்குள்தான் மணியாச்சியும் இருக்கிறது.

கேள்வி: ‘வாஞ்சி’ என்ற முன்னொட்டு எப்போது சேர்ந்தது?
– வாசகர் ஒருவர், சிவகாசி

பதில்: நாடாளுமன்றத்தில் எழுந்த கோரிக்கையை ஏற்று, ராஜீவ் காந்தி பிரதமராக இருந்த காலத்தில் ‘வாஞ்சி மணியாச்சி சந்திப்பு’ என்று பெயர் மாற்றப்பட்டது. பயணிகளின் வாயில் அது இன்றும் வெறும் மணியாச்சிதான்.

கேள்வி: தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் சென்றேன். மணியாச்சியில் நெடுநேரம் நின்ற வண்டி, புறப்பட்டதும் வந்த வழியே திரும்புவதுபோல இருந்ததே, ஏன்? இந்த நிலையத்தின் சேவைகளையும் சொல்லுங்கள்.
– வாசகி ஒருவர், தூத்துக்குடி

பதில்: முதல் பதிலில் சொன்ன கிளைப்பாதையின் விளைவே இது. தூத்துக்குடிப் பாதை, திருநெல்வேலிப் பாதை இரண்டுமே நிலையத்தின் தென்முனையிலிருந்து பிரிகின்றன. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வண்டி நிலையத்துக்குள் வந்து நின்ற பிறகு, எஞ்சினைக் கழற்றிப் பக்கத்துத் தண்டவாளம் வழியாக மறுமுனைக்குக் கொண்டுவந்து பூட்டுகிறார்கள். கப்ளிங் விழும் ஓசை கேட்டு, பெட்டி லேசாகக் குலுங்கியதும், அதுவரை எஞ்சினை நோக்கி உட்கார்ந்திருந்தவர் முதுகுப்புறமாகப் பயணம் செய்யத் தொடங்குவார். சாலை வழியே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உள்ள ஊருக்கு இப்படி 60 கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போவதால், அவசரக்காரர்கள் பஸ் ஏறுகிறார்கள். தூத்துக்குடி வரை நீட்டிக்கப்பட்ட பாலக்காடு பாலருவி எக்ஸ்பிரஸும் இவ்வாறே இங்கே திசை மாறுகிறது.

சென்னை செல்லும் முத்துநகர் எக்ஸ்பிரஸ், மைசூரு வண்டி, குருவாயூர் எக்ஸ்பிரஸ் ஆகியவை இங்கே நிற்கின்றன. 1990களில் பாதை அகலப் பாதையாயிற்று; பல ஆண்டுகள் கழித்து மின்மயமும் ஆயிற்று. மணியாச்சி–நாகர்கோவில் இரட்டைப் பாதையை 2024 பிப்ரவரியில் பிரதமர் தூத்துக்குடி விழாவில் நாட்டுக்கு அர்ப்பணித்தார். இத்தனைக்கும் நடுவில் தூத்துக்குடிக்காரர்கள் இழந்தது லிங்க் எக்ஸ்பிரஸை. தூத்துக்குடியிலிருந்து சில பெட்டிகள் மணியாச்சி வரை தனியாக வந்து, குருவாயூர் எக்ஸ்பிரஸுடன் இணைந்து சென்னைக்குப் போகும். பகல் வண்டிக்கு வீட்டருகே ஏறி, இடத்தைவிட்டு எழாமலே எழும்பூரில் இறங்கலாம். கொரோனாக் காலத்தில் நின்ற அந்தப் பெட்டிகள் இல்லாத இன்று, குருவாயூர் வண்டியைப் பிடிக்க விரும்பும் தூத்துக்குடிப் பயணி, 1911இல் ஆஷ் காத்திருந்த அதே நிலையத்தில் மூட்டை முடிச்சுடன் வண்டி மாறவேண்டியிருக்கிறது.