பழைய ஸ்ப்ளெண்டர் இழுக்கவில்லை என்றால் உடனே ரீபோர் செய்ய வேண்டுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2003 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். கொஞ்ச நாளாகப் பிக்கப் சுத்தமாக இல்லை. முறுக்கினால் சத்தம்தான் வருகிறது, 50ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. மேம்பாலம் ஏற மூன்றாவது கியருக்கு வர வேண்டியிருக்கிறது. மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஜின் போச்சு சார், ரீபோர் பண்ணணும்" என்கிறார். செய்யலாமா?

பதில்:

ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார் என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. ரீபோர் என்பது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. அளந்து பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். பிளக்கைக்கூடக் கழற்றாமல் சொன்னால் அது யூகம். நான் மெக்கானிக் இல்லை, பழைய 100 சிசி வண்டிகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுபவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். இன்ஜினிலேயே சக்தி வரவில்லையா, வருகிற சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லையா? உங்கள் வண்டி 97.2 சிசி. ஷோரூமிலிருந்து வந்த நாளிலேயே ஏழரை குதிரைத்திறன் அளவுதான். அதில் ஒரு பங்கை வேறு ஏதாவது தின்றால்கூட ஓட்டுபவருக்கு அப்பட்டமாகத் தெரியும்.

தின்பதில் முதல் ஆள் பின் பிரேக். சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். விட்ட இடத்திலேயே நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. சந்தேகமாக இருந்தால், பின் பிரேக்கையே தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டிரம் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு அடிக்கக் கூடாது. என் மாமா வண்டிக்கு ஒரு கடையில் பிஸ்டன் கிட் மாற்றச் சொல்லி எஸ்டிமேட்டே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பார்த்தால் பிரேக் கேம் துருவேறி, பெடலை விட்டாலும் திரும்பாமல் நின்றுகொண்டிருந்தது. கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் வைத்ததோடு முடிந்தது. செயினையும் அப்படியே பாருங்கள். கம்பி மாதிரி விறைப்பாக இருந்தால் அதுவும் இழுவையைக் குறைக்கும்.

அடுத்தது கிளட்ச். "முறுக்கினால் சத்தம்தான் வருகிறது" என்று நீங்களே எழுதியிருப்பதால் எனக்கு இதன் மேல்தான் முதல் சந்தேகம். காலி ரோட்டில் நாலாவது கியரில் 40ல் போய்க்கொண்டு சட்டென்று முழுசாக முறுக்குங்கள். இன்ஜின் சத்தம் எகிறி, வேகம் அங்கேயே நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட் வாங்க ஓடாதீர்கள். லீவர் நுனியில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும், கேபிள் டைட்டாக இருந்தாலே வழுக்கும். கடைசியாக என்ன ஆயில் ஊற்றினார்கள் என்றும் கேளுங்கள். இந்த வண்டியில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே முங்கிக் கிடக்கிறது. டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' என்று போட்டிருக்கும் பைக் ஆயில்தான் சரி. வழுவழுப்புக்கு மருந்து சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் நல்ல பிளேட்டும் வழுக்க ஆரம்பிக்கும்.

இவை இரண்டும் இல்லையென்றால்தான் இன்ஜின் பக்கம் வர வேண்டும். அங்கேயும் எப்போது இழுக்கவில்லை என்பதைக் கவனித்தாலே பாதி விடை. கிளம்பும்போது நன்றாக ஓடி, கொஞ்ச தூரம் போனதும் மூச்சுத் திணறி, ஓரமாக நிறுத்தி மறுபடி எடுத்தால் ஓடுகிறதா? பெட்ரோல் பற்றவில்லை. டேங்க் மூடியில் காற்று போகிற பொடி ஓட்டை அடைத்திருக்கும். திணறும் நேரத்தில் மூடியைத் திறந்துபாருங்கள், 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் அதேதான். மூடி சரியென்றால் கார்புரேட்டர் பக்கம் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுப் பாருங்கள். சீராக ஓட வேண்டும். விட்டு விட்டுச் சொட்டினால் டேப்பில் உள்ள வலையில் டேங்க் துரு அடைத்திருக்கிறது. இன்ஜின் ஆறியபிறகு, பக்கத்தில் பீடி சிகரெட் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

காசு செலவில்லாத இன்னொரு சோதனை சோக். வண்டி இழுக்காத அந்த நேரத்திலேயே சோக்கைப் பாதி போட்டுப் பாருங்கள். சட்டென்று இழுத்தால் பெட்ரோல் குறைவாகப் போகிறது: மெயின் ஜெட்டில் தூசி, அல்லது கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே எங்கோ காற்று புகுகிறது. இன்னும் மோசமாக அடைத்துக்கொண்டு நின்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டரைத் திறங்கள். பிளக்கைக் கழற்றினால் அதுவும் இதையே சொல்லும். முனை காப்பிப்பொடி நிறம் என்றால் நலம். வெளுத்திருந்தால் பெட்ரோல் பஞ்சம், கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், பிசுபிசுவென்று ஆயில் ஈரம் இருந்தால்தான் பிஸ்டன் ரிங், வால்வு சீல் பக்கம் பார்க்க வேண்டும். முனை இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.

இப்போது பங்கில் கிடைக்கும் இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) காரணமா என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். எத்தனால் கலந்தால் கார்புரேட்டர் வண்டியில் கலவை கொஞ்சம் மெலியும், உண்மைதான். ஆனால் 2021ல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே பழைய வகை இருசக்கர வண்டிகளுக்கு மைலேஜ் இழப்பு 3 முதல் 4 சதவீதம் என்றுதான் மதிப்பிட்டது. 50க்கு மேல் போகாததற்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. மறைமுகமாக வேலை காட்டும்: பழைய ரப்பர் டியூபை ஊற வைக்கும், டேங்கில் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் நாள் கணக்கில் நிறுத்தி வைத்த வண்டி என்றால் டேங்க் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

டேப்பெட்டைப் பற்றி, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கர் என்ற கைக்கும் நடுவே விடும் இடைவெளியைப் பற்றி, தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் டேப்பெட் 'டிக் டிக்' என்றாலே பதறி டைட் வைக்கச் சொல்கிறோம், மெக்கானிக்கும் சத்தம் அடங்கும் வரை வைத்துவிடுகிறார். லூசாக இருந்தால் காதுக்குத் தெரிந்துவிடும். டைட்டாக இருந்தால் வண்டி பூனை மாதிரி இருக்கும், வால்வு மட்டும் முழுசாக மூடாது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் அழுத்தம்) கசியும், நாளாக ஆக எக்ஸாஸ்ட் வால்வு கருகும். இந்த இன்ஜினுக்கு இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது, ஹெட்டின் மேலும் கீழும் உள்ள இரண்டு மூடிகளைக் கழற்றி, இன்ஜினோடு சுழலும் மேக்னட் சக்கரத்தில் 'டி' கோடு நேராக வரும்படி வைத்து, ராக்கரைக் கையால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் இம்மியளவாவது ஆட வேண்டும். இரண்டுமே ஆடவில்லை என்றால் ஒரு சுற்று தள்ளி நிற்கிறீர்கள், மேக்னட்டை இன்னொரு சுற்று சுற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் ஒன்று ஆடவில்லை என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டார். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துத்தான் செட் செய்ய வேண்டும், பிளேடு வைத்துச் செய்பவரிடம் கொடுக்காதீர்கள்.

நாள் கணக்கில் வெளியே நின்ற வண்டி என்றால் சைலன்சர் வாயையும் எட்டிப் பாருங்கள். குளவி கூடு கட்டி அடைத்துவிடுவது உண்டு, சிரிக்காதீர்கள்.

இத்தனையும் தாண்டியும் இழுக்கவில்லை என்றால் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். பிளக்கைக் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து வைத்து, கேஜ் போட்டுக் கிக்கர் அடித்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் ரிங், போர் தேய்மானம். ஏறவே இல்லை என்றால் கசிவு வால்வில், ஹெட் வேலை மட்டும் போதும். முறுக்கும்போதெல்லாம் நீலப்புகை, ஆயில் மளமளவென்று குறைவது, இன்ஜின் பிரீதர் டியூபில் புகை தள்ளுவது, இவை சேர்ந்து இருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரிதான்.

அப்படி ரீபோர்தான் என்று முடிவானால் லேத்துக்குப் போகும் முன் பிஸ்டன் தலையைத் துடைத்துப் பாருங்கள். ஏற்கெனவே போர் எடுத்த வண்டி என்றால் 0.25, 0.50 என்று பொறித்திருக்கும். 1.00 என்று இருந்தால் அதற்கு மேல் கடைய இடமில்லை, ஸ்லீவ் (சிலிண்டரின் உள் உறை) மாற்ற வேண்டும் அல்லது புது பிளாக் வாங்க வேண்டும். அதற்குத் தனி விலை கேளுங்கள். பிஸ்டனை முதலில் வாங்கி லேத்தில் கொடுத்து, அதன் அளவுக்குப் போர் எடுக்கச் சொல்ல வேண்டும். கழற்றிய பழைய பிஸ்டனையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.