விளக்குப்பொறியில் விழுந்தவை: கேள்வி பதில்

கேள்வி (தேனி): ஐயா, தோட்டத்தில் விளக்கு போட்டு, பின்னால் வெள்ளை வேட்டி கட்டி வைத்தோம். விரல் நீளத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது. முதுகில் மண்டை ஓடு! தொட்டால் கீச்சென்று கத்துகிறது. அம்மா பயப்படுகிறார்.

பதில்: அதற்குக் கடிக்கவும் தெரியாது, கொட்டவும் தெரியாது. இது ஒரு அந்து, அக்கெரான்ஷியா என்பது பேரினம். தொண்டைக்குள் காற்றை இழுத்து, உறிஞ்சுகுழல் வழியே வெளியே தள்ளும்போது வரும் சத்தம் அது. தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் குடிக்கும் திருடன். குழல் குட்டையாக, தடியாக இருப்பதைப் பாருங்கள். எள்ளுக்காட்டில் வாலில் கொம்பு வைத்த கொழுத்த புழு பார்த்திருப்பீர்களே, அது வளர்ந்தால் இப்படித்தான். நம் பக்கம் ஸ்டிக்ஸ், லாக்கெசிஸ் என அதில் இரண்டு இனம் உண்டு. பின்னிறக்கை மஞ்சளாகி இரண்டு கறுப்புப் பட்டை ஓடினால் ஸ்டிக்ஸ். உடம்பை ஒட்டிக் கறுத்திருந்தால் லாக்கெசிஸ். உங்கள் படத்தில் முன்னிறக்கை மட்டும்தான் இருக்கிறது. மெதுவாக விலக்கிப் படம் எடுங்கள்.

கேள்வி (ஓசூர்): ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் புள்ளி. விஷமா?

பதில்: பயப்பட வேண்டாம். அசோட்டா என்ற அந்து மாதிரி இருக்கிறது. பின்னிறக்கைப் படம் உண்டா?

கேள்வி (பழனி): காய்ந்த இலை மாதிரி ஒன்று பொறியில் கிடந்தது. கொய்யாப் பழத்தில் ஊசி குத்தியது போல ஓட்டைகள். சம்பந்தம் உண்டா?

பதில்: காய்ந்த இலை வேஷம் போடுபவை ஏராளம். பின்னிறக்கை ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு அடையாளத்தோடு இருந்தால் யூடோசிமா என்ற அந்து. அப்படியென்றால் ஆள் அதுதான். வழக்கமாகப் புழு பயிரைத் தின்னும், தாய்ப்பூச்சி சும்மா இருக்கும். இங்கே நேர்மாறு. புழு வேலியில் படர்ந்த சீந்தில் கொடியில் வளரும். தாய்ப்பூச்சி இரவில் வந்து கொய்யா, மாதுளை, ஆரஞ்சைத் துளைத்துச் சாறு உறிஞ்சும். அப்புறம் அந்த ஓட்டை வழியே பூஞ்சை ஏறிப் பழம் அழுகும். பழத்துக்கு உறை போடுங்கள்.

கேள்வி (மன்னார்குடி): விளக்கில் விழுவது விட்டில். நீங்கள் ஏன் எல்லாவற்றையும் அந்து என்கிறீர்கள்?

பதில்: நியாயமான சண்டை. எங்கள் வீட்டில் அந்து என்றால் நெற்குதிரைத் திறந்ததும் பறக்கும் வைக்கோல் நிறப் பூச்சி மட்டும்தான். புத்தகத் தமிழ் அந்தப் பெயரை மொத்தக் கூட்டத்துக்கும் நீட்டிவிட்டது.

கேள்வி (பாளையங்கோட்டை): சார், குறுக்கே வருகிறேன். எங்களுக்கு விட்டில் என்றால் வெட்டுக்கிளி!

பதில்: அதுதான் சிக்கல். அகராதியிலும் இரண்டு பொருள் உண்டு. விட்டில் என்று எழுதினால் பாதிப் பேர் பச்சையாக ஒன்றைத் தேடுவார்கள்.

கேள்வி (மன்னார்குடி): வழக்கில் இருக்கும் சொல்லை விடுவதா?

பதில்: நீங்கள் விட்டில் என்றே எழுதுங்கள், நான் புரிந்துகொள்வேன். படம் மட்டும் ஒழுங்காக வரட்டும்.

கேள்வி (வால்பாறை): இரண்டு கை அகலப் பூச்சி. இறக்கை நுனியில் பாம்புத் தலை. சாப்பிட என்ன கொடுப்பது?

பதில்: அட்லஸ் அந்து. வளர்ந்த பூச்சிக்கு வேலை செய்யும் வாயே கிடையாது. வெயில் ஏறுமுன் நிழலில் விடுங்கள். எல்லாருக்கும்தான்: பொறியை விடியுமுன் காலி செய்யாவிட்டால் கரிச்சான் வந்து பந்தியில் உட்கார்ந்துவிடும்.

கேள்வி (நாகர்கோவில்): இது விஷமா?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி (தேனி): ஐயா, புதுப் படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: இதுவும் முன்னிறக்கைதான், தம்பி. இந்த முறை கொஞ்சம் கிட்டத்தில்.