நூலகப் பாடவேளையில் புரட்டிவிட்டு வைத்துவிடும் பிள்ளைகள்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். வாரம் ஒரு பாடவேளை நூலகத்துக்கு உண்டு. பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள். கதைச்சுருக்கம் எழுதச் சொன்னால் பின்னட்டையைப் பார்த்து எழுதுகிறார்கள். அவர்கள் தாமாக வாசிக்க என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கதைச்சுருக்கத்தை நிறுத்திவிடுங்கள். வாசித்து முடித்தால் எழுத்துவேலை காத்திருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, முடிக்காமல் இருப்பதற்கே வழி தேடும். வாரம் ஒரு முழுப் பாடவேளையைக் காட்டிலும் நாள்தோறும் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம் ஒதுக்குவது பலன் தரும். தலைமையாசிரியரிடம் பேசி, மதிய உணவுக்குப் பிந்தைய நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

ஆனால் நேரம் ஒதுக்கி அமைதியாக உட்கார வைத்தால் மட்டும் போதாது. வழிகாட்டுதல் இல்லாத மௌன வாசிப்பு வாசிப்புச் சரளத்தை வளர்க்கிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. ஆகவே அந்தப் பதினைந்து நிமிடமும் உங்களுக்கு வேலை உண்டு. நாளுக்கு மூன்று பிள்ளைகள் அருகில் அமர்ந்து, வாசித்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் பாதியைத் தாழ்ந்த குரலில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், பிறகு, “இவன் ஏன் இப்படிச் செய்தான்?” என்பதுபோல ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மதிப்பெண் வேண்டாம். வாசிக்க மறுப்பவராகத் தோன்றும் பிள்ளை உண்மையில் எழுத்துக் கூட்டித் தடுமாறுபவர் என்பது பல நேரங்களில் இந்த அரைப் பக்கத்தில்தான் தெரியவரும்.

அப்படிப்பட்டவருக்கு ஏழாம் வகுப்புக்குரிய நாவலைக் கொடுப்பதில் பயனில்லை. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கச் சிறுநூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் உள்ளன. அவற்றை நிலைவாரியாகப் பிரித்து அடுக்காமல், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலானவர்களுக்கான ‘தேன்சிட்டு’ இதழ்களோடும் படக்கதைகளோடும் கலந்து வையுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நண்பர்கள் முன்னால் எளிய புத்தகத்தை எடுப்பதுதான் பெரிய கூச்சம்; எல்லோரும் எல்லாவற்றையும் எடுக்கும் குவியலில் அது மறைந்துவிடும்.

தேர்வு முழுக்க அவர்களுடையதாக இருக்கட்டும். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் வேண்டும் என்கிறது. கிரிக்கெட், பேய்க்கதை, பாம்புகள் எதுவானாலும் சரி; பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைக்கவும் உரிமை கொடுங்கள். தயங்குபவர்களுக்காக ஒரு கதையை நீங்களே உரக்க வாசித்து, விறுவிறுப்பான இடத்தில் நிறுத்தி, அந்தப் புத்தகத்தை மேசைமேல் விட்டுவிடலாம்.

பீரோவுக்குள் பூட்டிய புத்தகத்தால் பயனில்லை. வகுப்பறையில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், வீட்டுக்கும் கொடுத்தனுப்புங்கள், பதிவேட்டைப் பிள்ளைகளே பராமரிக்கட்டும். சில கிழியும், சில திரும்பி வராது, அதற்காகத் தண்டிக்காதீர்கள். ஊரில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருந்தால் ஒருநாள் அழைத்துச் சென்று உறுப்பினராக்குங்கள்.

“பாடம் படிக்காமல் கதை படிக்கிறான்” என்று பெற்றோர் குறைபடுவார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு அறிவியல், சமூக அறிவியல் பாடங்களும் எளிதாகும் என்று விளக்குங்கள். காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது வாசிப்பு நேரத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். பத்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், முழுதாக விட்டுக்கொடுக்காதீர்கள்.