தாத்தா கொடுத்த புத்தகங்கள் எங்கே?

கேள்வி: எங்கள் தாத்தா 1938 வாக்கில் தம்மிடம் இருந்த தமிழ்ப் புத்தகங்களைச் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்ததாக வீட்டில் சொல்வார்கள். அதை எப்படி உறுதி செய்வது? 8,000 ரூபாய் கொடுத்தால் தேடிப் பிடித்து, இரண்டு புத்தகத்தைக் கையிலேயே வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: அந்த 8,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். நூலகத்துக்குக் கொடுத்த புத்தகம் நூலகத்தின் சொத்து. கொடுத்தவரின் பேரனே கேட்டாலும் திரும்பி வராது. வாங்கித் தருகிறேன் என்பவர் ஒன்று பொய் சொல்கிறார், இல்லையென்றால் திருட்டுப் பொருளை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார். நடைபாதைக் கடையில் நூலக முத்திரையோடு புத்தகம் கிடைத்தாலும் இதே கதைதான். இனி வேண்டாம் என்று நூலகமே கழித்ததைக் காட்டும் கழிவு முத்திரை இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

சரி, தேடுவது எப்படி? 1938 உங்களுக்குச் சாதகமான ஆண்டு. அந்த நூலகம் ஆரம்பத்தில் எழும்பூர் கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. 1924-ல், பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் அதன் முதல் நூலகராக வந்தார். லண்டனில் படித்துவிட்டுத் திரும்பி, அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கத் தாமே உருவாக்கிய கோலன் பகுப்பு முறையில் அவற்றுக்கு எண் கொடுத்தார். 1936-ல் மெரினாவில் சொந்தக் கட்டடம் வந்தது. உங்கள் தாத்தா புத்தகக் கட்டோடு போன காலத்தில், கணக்கை ஒழுங்காக எழுத வைக்கிற ஒரு மனிதர் அங்கே இருந்தார் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

புத்தகம் உள்ளே வந்ததும் அதற்கு ஒரு வரிசை எண் விழும். சேர்க்கை எண் என்பார்கள். அலுவலகத்தில் அக்செஷன் நம்பர் என்று கேளுங்கள். முதுகில் ஒட்டிய எண் பிற்பாடு மாறலாம், அலமாரி மாறலாம், கட்டடமே மாறலாம். சேர்க்கை எண் மாறாது. பெரும்பாலும் தலைப்புப் பக்கத்தின் பின்புறம், முத்திரைக்குள் மையால் எழுதியிருப்பார்கள். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராகத் தேதி, ஆசிரியர், நூல், விலை, எங்கிருந்து வந்தது என்று கட்டங்கள் ஓடும். அன்பளிப்பு என்றால் கொடுத்தவர் பெயர் அந்த 'எங்கிருந்து' கட்டத்தில் இருக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு நூலகத்தில், பதிவேட்டைக் கணினியில் ஏற்றியபோது அந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். கட்டம் குறைந்தால் ஒப்பந்தக்காரருக்கு வேலை சீக்கிரம் முடியும். வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததைக் கொடுத்தவர்களின் பெயர் ஒரே கோடையில் காணாமல் போனது. நான் எழுதிக் கொடுத்த ஆட்சேபத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அதனால், எந்த நூலகமானாலும் சரி, கணினியில் பெயர் வரவில்லை என்று யாராவது சொன்னால் அத்தோடு திரும்பிவிடாதீர்கள்.

நூலகருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 1937 முதல் 1939 வரையிலான சேர்க்கைப் பதிவேட்டைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். தாத்தாவின் பெயரை, அக்கால வழக்கப்படி தலைப்பெழுத்து, ஊர், சாதிப்பட்டம் எல்லாம் சேர்த்து ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பட்டத்தை மட்டும் வைத்து எழுதியிருக்கவும் கூடும். ஒரு மாதம் பார்த்துவிட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள். 'விவரம் உண்டா' என்று கேட்காதீர்கள், 'இல்லை' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. பதில் தர 30 நாள் கெடு.

ஒன்றுக்கு மட்டும் இந்த வழி உதவாது. தாத்தா கொடுத்தவற்றில் ஓலைச்சுவடியோ கையெழுத்துப் பிரதியோ இருந்ததா என்று வீட்டில் பெரியவர்களிடம் நன்றாக விசாரியுங்கள். அதே மெரினா கட்டடத்தில்தான் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் பல காலம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகள் பல உள்ள இடம் அது. நிர்வாகம் வேறு, பதிவேடும் வேறு. 'யுனிவர்சிட்டியில் கொடுத்தார்' என்று வீட்டில் சொன்னது இந்த நூலகமாகவும் இருக்கலாம். சுவடி என்றால் பல்கலைக்கழகப் பதிவேட்டை எத்தனை முறை புரட்டினாலும் கிடைக்காது. அந்தச் சுவடிகள் நூலகம் இப்போது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இருக்கிறது, அங்கே தனியாகக் கேளுங்கள்.

அப்புறம், உங்கள் பரணில் இன்னும் ஏடு ஏதாவது மிச்சம் இருந்தால், 75 ஆண்டு கடந்த, மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அந்த 8,000 ரூபாய்க்காரர் கண்ணில் அதைக் காட்டவே வேண்டாம்.